நிழல் விரும்பும் ஆர்க்கிட்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர் கல்வெட்டால் புகழ்பெற்ற ஊர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு காணப்படுகின்றன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விளக்குகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்வர். ஆனால், யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம் என்பதற்கு முன்னரே விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. உரிய வயது இருத்தல் வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையும் இருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதலாகாது. இவ்வாறு தகுதியை ஆராய்ந்த பின்னரே ஓலை குடத்திற்குள் சென்றது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் உரிய முறை அன்று இது. செடியைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுவே முறையாகும். தகுதி நோக்காது, கண்ணுக்கு அழகாய் இருந்தது என்பதற்காகவே ஒரு செடியை வாங்கி வந்து, அது வாடிய பின் வருந்துவோர் பலர். ஆர்க்கிட் என்னும் செடியின் வகையில் இது பெரிதும் உண்மை.

உத்திரமேரூரைப் போலவே காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது ஏனாத்தூர். அவ்வூரில் ஓர் ஓட்டு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். கோடை வெயிலைத் தடுப்பதற்காகக் கூரையைத் தாழ இறக்கியிருப்பர்; சாளரங்கள் சிறியனவாய் இருக்கும். வெளியே வெயில் கொதிக்கும்போது உள்ளே குளிர்ந்த நிழல் நிறைந்திருக்கும். மனிதருக்கு இது நன்மையே. ஆனால், ரோசாவும் மல்லிகையும் அத்தகைய வீட்டிற்குள் மலர மாட்டா. அவற்றிற்குத் திறந்த முற்றம் வேண்டும்.

அவ்வீட்டிற்குச் சென்னையிலிருந்து வரும் உறவினர் ஒருவர், பூத்த ஆர்க்கிட் செடி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவருகிறார் என்க. நீண்ட காம்பில் வரிசையாக அமர்ந்த மலர்களைக் கண்டு வீட்டார் வியக்கின்றனர். கூடத்தின் நடுவில், சாளரத்திற்கு வெகு தொலைவில் இருக்கும் மேசைமேல் அதனை வைக்கின்றனர். நாள்தோறும் அன்போடு நீர் ஊற்றுகின்றனர். சில திங்கள் சென்றதும் மலர்கள் உதிர்கின்றன, இலைகள் தளர்கின்றன, வேர் அழுகிச் செடி மடிகின்றது. “நம் கை இச்செடிக்கு ஆகாது” என்று வீட்டார் கூறிவிடுகின்றனர். குற்றம் கையினுடையது அன்று. இன்ன செடிக்கு இன்ன இடம் என்பதை அறியாமையே குற்றம். ஆதலின், வெளிச்சம் குறைந்த வீட்டில் வளரத்தக்க ஆர்க்கிட் எது, அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஆர்க்கிட் என்பது ஒரு செடியின் பெயர் அன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். உலகெங்கும் ஏறக்குறைய 28,000 இனங்கள் இக்குடும்பத்தில் அடங்கும். இந்தியாவில் வளரும் ஆர்க்கிட் வகைகளை இந்தியத் தாவர ஆய்வுத் துறையினர் 2019ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டபோது, அவற்றின் எண்ணிக்கை 1,256 எனத் தெரிந்தது. பனிக்கூழுக்கு மணம் ஊட்டும் வெனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காயே என்றால் வியப்பாக இருக்கும். இவ்வளவு பெரிய குடும்பத்தில் வெயிலை விரும்புவனவும் உண்டு. நிழலை விரும்புவனவும் உண்டு. குளிரை நாடுவனவும் உண்டு. வெம்மையைப் பொறுப்பனவும் உண்டு. ஆகவே, “ஆர்க்கிட் வளர்ப்பது எளிதா, அரிதா?” என்று கேட்பது பொருந்தாது. “எந்த ஆர்க்கிட்?” என்று கேட்பதே பொருந்தும்.

இந்திய ஆர்க்கிட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை மண்ணில் வேரூன்றுவன அல்ல. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்வன. அவற்றைப் புல்லுருவி என்று பிறழ உணர்வோரும் உளர். புல்லுருவி மரத்தினுள் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அவ்வாறு செய்வதில்லை. அது கிளையை இருக்கையாகக் கொள்வதன்றி உணவாகக் கொள்வதில்லை. மழைநீரும், பனியும், பட்டையின் இடுக்கில் தங்கிய இலைமக்குமே அதற்குப் போதும். அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை ஒன்று உண்டு. மழை பெய்தவுடன் அவ்வுறை நீரை ஈர்த்துக்கொள்ளும். அப்போது உள்ளிருக்கும் பச்சையம் புலப்பட்டு வேர் பசுமையாகத் தோன்றும். நீர் வற்றியதும் மீண்டும் வெள்ளி நிறம் பெறும். இந்த நிறமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்; செடிக்கு நீர் ஊற்றும் காலத்தை அறிவிப்பது இதுவே.

ஓர் அடர்ந்த மழைக்காட்டைப் பல மாடிகள் கொண்ட மாளிகைக்கு ஒப்பிடலாம். உச்சிக் கிளைகள் அதன் மேல்மாடம். அங்கே வெயில் நேராக விழும். நடுக்கிளைகளில் இலைகளின் இடையே வடிந்த ஒளியே கிடைக்கும். அடியில், தரையில், அந்தி போன்ற மங்கிய ஒளிதான் உண்டு. மேல்மாடத்தில் வாழும் ஆர்க்கிட் வெயிலுக்குப் பழகியது. நடு மாடத்திலும் தரையிலும் வாழ்வன நிழலுக்குப் பழகியவை. நம் வீட்டுச் சாளரத்தின் ஓரம் அக்காட்டின் நடு மாடத்தை ஒத்தது. அங்கு வாழ்ந்த செடியே இங்கும் வாழும்.

இந்த உண்மையை அறியாமையால் விளைந்த கேட்டிற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுச் செல்வர்கள் ஆர்க்கிட் மலர்கள்மேல் பெருமோகம் கொண்டனர். வெப்ப நாடுகளுக்கு ஆட்களை அனுப்பிக் காடுகளிலிருந்து செடிகளை மூட்டை மூட்டையாகக் கொணர்ந்தனர். வெப்ப நாட்டுச் செடிக்கெல்லாம் வெப்பமே வேண்டும் என்று கருதி, உயர்ந்த மலைகளின் குளிரில் வளர்ந்தவற்றையும் காற்றுப் புகாத சூடான கண்ணாடி மனைகளில் அடைத்தனர். எண்ணற்ற செடிகள் மடிந்தன. இங்கிலாந்தே அவற்றின் இடுகாடாக மாறியது. பின்னர்ச் சாட்சுவொர்த்து மாளிகையின் தோட்டத் தலைவராகிய சோசப் பாக்சுடன் போன்றோர், செடிகளை அவற்றின் தாயகத்திற்கேற்பப் பிரித்து, வேறு வேறு வெப்பநிலையில் காற்றோட்டத்துடன் வளர்த்தபோதுதான் அவை தழைத்தன. பொருளும் ஆர்வமும் இருந்தும், இடமறிந்து வைக்கும் அறிவு இல்லாதபோது பயன் விளையவில்லை.

செடியின் தகுதியை ஆராய்வதற்கு முன் வீட்டின் ஒளியை அளந்து அறிதல் வேண்டும். இங்கே நம் கண்ணை நம்புதல் ஆகாது. இருளில் கண்ணின் பாவை விரிந்துகொள்வதால், மங்கிய அறையும் நமக்கு வெளிச்சமாகவே தோன்றும். செடிக்கோ ஒளியே உணவு. ஒளியின் அளவை லக்ஸ் என்னும் அலகால் குறிப்பர். திறந்த வெளியில் நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஆகும். இரவில் விளக்கேற்றிய ஓர் அறையில் 100 முதல் 300 லக்ஸ் வரையே இருக்கும். நிழல் விரும்பும் ஆர்க்கிட்டுக்கும் சில ஆயிரம் லக்ஸ் வேண்டும். ஆதலின், நிழல் வேறு, இருள் வேறு என்பதை உணர்தல் வேண்டும். நிழலில் வாழும் செடி உண்டு. இருளில் வாழும் பசுஞ்செடி இல்லை.

கருவி இன்றியும் ஒளியை அளக்கலாம். மாணவர்கள் இதனைத் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செடி வைக்க எண்ணிய இடத்தில் நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். அதற்கு ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரியும் கரிய நிழல் விழுந்தால், அங்கே ஒளி மிகுதி. விளிம்பு கலங்கிய மெல்லிய நிழல் விழுந்தால், நிழல் விரும்பும் ஆர்க்கிட்டுக்கு அவ்விடம் ஏற்றது. நிழலே விழாவிடின், அங்கே எச்செடியையும் வைத்தல் ஆகாது. சாளரத்தின் ஓரத்தில் ஒரு முறையும், அங்கிருந்து ஆறடி உள்ளே தள்ளி ஒரு முறையும் இதனைச் செய்தால், சில அடிகளுக்குள் ஒளி எத்துணை விரைவாகக் குறைகின்றது என்பது விளங்கும்.

சாளரத்தின் திசையையும் நோக்குதல் வேண்டும். கிழக்குச் சாளரம் மிகச் சிறந்தது. இளங்காலைக் கதிர் சிறிது நேரம் மென்மையாக வந்து செல்லும். மேற்குச் சாளரத்தில் பிற்பகல் வெயில் சுடும். மெல்லிய வெள்ளைத் திரை இட்டாலன்றி அது பயன்படாது. வடக்குச் சாளரத்தில் வெயிலே படாது என்று மேலைநாட்டு நூல்கள் கூறும். அது அவர்கள் நாட்டிற்குப் பொருந்தும். காஞ்சிபுரப் பகுதி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் உள்ளது. ஆதலின், சித்திரைத் திங்களின் நடுப்பகுதியிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகற் கதிரவன் நம் தலைக்கு வடக்கே செல்கின்றான். அக்காலத்தில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த கதிர்கள் வடக்குச் சாளரத்திலும் நுழையும். நூலில் படித்ததை நம் ஊரின் நிலைக்கேற்ப ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி, செடிக்குரிய தகுதிகளை வகுத்துக்கொள்வோம். முதலாவது, அது குறைந்த ஒளியில் மனநிறைவோடு வாழ்தல் வேண்டும். இரண்டாவது, காஞ்சிபுரப் பகுதியின் வெம்மையைப் பொறுத்தல் வேண்டும். மூன்றாவது, சாளரப் படியில் அடங்கும் அளவினதாய் இருத்தல் வேண்டும். நான்காவது, நாம் செய்யும் சிறு பிழைகளைத் தாங்கும் உறுதி அதற்கு இருத்தல் வேண்டும். ஐந்தாவது, அது பண்ணையில் பிறந்த செடியாய் இருத்தல் வேண்டும்; காட்டிலிருந்து பறித்ததாய் இருத்தல் ஆகாது. இவ்வைந்தனுள் ஒன்று குறையினும் அதன் ஓலையைக் குடத்தில் இடுதல் கூடாது.

முதலில் தகுதி பெறாதவற்றைக் காண்போம். நம் சமவெளிகளில் மாமரக் கிளைகளில் தானே வளரும் ஆர்க்கிட் ஒன்று உண்டு. கட்டங்கள் போன்ற கோடுகள் அமைந்த மணமுள்ள மலர்களை உடையது. அதனை வாண்டா என்பர். வடமொழிப் பெயரே தாவர நூலாருக்கும் பெயராயிற்று. நம் ஊர் வெம்மை அதற்குப் பழக்கமானதே. ஆயினும், மிகுந்த ஒளியின்றி அது மலராது. மாமரத்திலேயே அது மகிழ்ந்து வாழட்டும். சிங்கப்பூரில் வாழும் தமிழர் நன்கு அறிந்த மலர் ‘மிஸ் ஜோக்கிம்’ என்னும் வாண்டா. 1981ஆம் ஆண்டில் அது அந்நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அதுவும் திறந்த வெயிலில் வளர்வதே. கடைகளில் பெரிதும் விற்கப்படும் டெண்ட்ரோபியம், நம் தாழ்வாரத்தின் வெளிப்புறத்திற்கு ஏற்றது. கூடத்திற்கு ஏற்றது அன்று. சிம்பிடியமோ குளிர்ந்த இரவுகளை வேண்டி நிற்பது. மலைநாட்டில் அது செழிக்கும். ஏனாத்தூரில் இலை மட்டுமே விடும்.

தகுதி பெற்றவற்றுள் தலையாயது பெலனாப்சிஸ். அப்பெயர் ‘அந்துப்பூச்சி போன்றது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆயது. விரிந்த அதன் மலர்கள் சிறகு விரித்துப் பறக்கும் வெண்ணிற அந்துப்பூச்சிகளைப் போலத் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. ஜாவா முதலிய தீவுகளின் காடுகளில் மரங்களின் நிழலில் வாழ்வது இதன் இயல்பு. இந்தோனேசியா நாட்டின் தேசிய மலர்களுள் இதன் வெண்ணிற இனமும் ஒன்று. ஏறக்குறைய 10,000 முதல் 15,000 லக்ஸ் வரையுள்ள ஒளி இதற்குப் போதும். நண்பகல் வெயிலில் இது பத்தில் ஒரு பங்கே ஆகும். அகன்று தடித்த இலைகளில் இது நீரைச் சேமித்து வைக்கின்றது. பகலில் இலையின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்வதால், நீரும் வீணாவதில்லை. ஒரு முறை பூத்தால் மலர்கள் இரண்டு மூன்று திங்கள் வாடாமல் நிற்கும்.

பெலனாப்சிஸ் மலர்வதற்கு ஒரு குறிப்பு வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து வெம்மை ஏறக்குறைய 25 பாகை செல்சியசுக்குக் கீழ் தணிந்தால்தான் அது பூங்காம்பு விடும். நம் நாட்டில் மார்கழி, தைத் திங்கள்களின் குளிர்ந்த இரவுகள் அக்குறிப்பைத் தருகின்றன. அந்நாட்களில் செடியைச் சாளரத்தின் மிக அருகில் வைத்து இரவுக் காற்றுப் படச் செய்தல் வேண்டும். காம்பு வெளிப்பட்ட பின் மலர் விரியச் சில திங்கள் ஆகும். ஆண்டு முழுதும் பூவை எதிர்பார்த்துச் சலிப்படைதல் ஆகாது. இலையும் வேரும் வளரும் காலம் ஒன்று. மலரும் காலம் ஒன்று.

இரண்டாவது லூடிசியா. இதனை மணியிலை ஆர்க்கிட் என்று கூறலாம். மற்ற ஆர்க்கிட்டுகளை மலருக்காக வளர்ப்பர். இதனையோ இலைக்காக வளர்ப்பர். பட்டுப் போன்ற கருஞ்சிவப்பு இலையில் செம்பொற் கோடுகள் ஓடும். காஞ்சிப் பட்டின் சரிகையைக் கண்டு பழகியவர்க்கு இவ்விலை புதியதாய்த் தோன்றாது. தென்சீனம் முதல் மலேயா வரையுள்ள காடுகளின் தரையில், மங்கிய ஒளியில் ஊர்ந்து வளர்வது இது. ஆதலின், பெலனாப்சிசுக்குப் போதாத ஒளியும் இதற்குப் போதும். தண்டின் ஒரு துண்டை முறித்து ஈரமான இலைமக்கில் ஊன்றினால் வேர் விடும். ஒரு செடி வாங்கிய வீட்டார் சில ஆண்டுகளில் அயலார்க்கெல்லாம் வழங்கலாம். முதன்முதலாக ஆர்க்கிட் வளர்க்கும் மாணவர்க்கு இதனினும் எளியது வேறொன்று இல்லை.

மூன்றாவதாக ஒன்று வாயிலில் வந்து நிற்கின்றது. அது பாபியோபெடிலம் என்னும் மிதியடி ஆர்க்கிட். அதன் கீழிதழ் சிறு பாதுகையைப் போலக் குழிந்திருக்கும். புள்ளியிட்ட இலைகளை உடைய வகைகள் நிழலையும் வெம்மையையும் ஏற்கும். முதல் நான்கு தகுதிகளும் அவற்றிற்கு உண்டு. ஆனால், ஐந்தாவது தகுதியில் நாம் மிக எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். அதன் காரணம் நம் தென்மலைகளில் உள்ளது.

அகத்தியமலைத் தொடரில் 1865ஆம் ஆண்டில் கர்னல் ட்ரூரி என்னும் ஆங்கிலேயர் ஒரு மிதியடி ஆர்க்கிட்டைக் கண்டார். மஞ்சள் நிற மலர். அதன் இதழின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஒன்று. தென்னிந்தியாவிற்கே உரிய மிதியடி ஆர்க்கிட் அது ஒன்றே. அவர் பெயரால் அது ட்ரூரி எனப்பட்டது. அதன் அருமை வெளிப்பட்டதும் அழிவும் தொடங்கியது. சேகரிப்போர் மலையேறிச் செடிகளை வேரோடு அகழ்ந்து விற்றனர். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கும் செடிகளுள் ஒன்று. பலர் அதனை விரும்பினர். அவ்விருப்பமே அதற்குப் பகையாயிற்று.

இத்தகைய கேட்டைத் தடுப்பதற்காக, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிகளைக் காக்கும் பகுதி ஒன்று 1991ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. மிதியடி ஆர்க்கிட்டுகள் அதன் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் உள்ள செடிகளைக் காட்டிலிருந்து பறித்தல் குற்றம். உரிமம் இன்றி வளர்த்தலும் விற்றலும் கூடா. நாடுகளுக்கு இடையே நடைபெறும் வாணிகத்திலும் அவற்றிற்குக் கடுமையான தடை உண்டு. ஆகவே, மிதியடி ஆர்க்கிட்டை உரிமம் பெற்ற பண்ணைகளிலும் அரசுத் தோட்டங்களிலும் கண்டு மகிழ்வதோடு நாம் அமைதல் நன்று. கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதலாகாது என்று நம் முன்னோர் விதித்தனர் அன்றோ? எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்ட இயலாத செடியையும் நம் வீட்டிற்குள் விடலாகாது.

காட்டுச் செடியை நாடவேண்டிய தேவையும் இன்று இல்லை. ஆர்க்கிட்டின் விதை தூசி போன்றது. ஒரு காயில் பல இலட்சம் விதைகள் இருப்பினும், அவற்றில் முளைக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் விதைக்கு உணவூட்டினால்தான் அது முளைக்கும். 1922ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புகளும் கலந்த கடற்பாசிக் கூழில் பூஞ்சணத்தின் துணையின்றியே விதைகள் முளைத்ததை வெளியிட்டார். 1960ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் மோரல், தண்டு நுனியின் சிறு திசுவிலிருந்து பல செடிகளை உண்டாக்கும் வழியைக் காட்டினார். முன்னாளில் செல்வர் மட்டுமே வாங்கிய மலரை இன்று எளியவரும் வாங்குவது இவ்விருவர் போன்றோர் உழைப்பின் பயனாகும். சோதனைக் குழாயில் பிறந்த செடி ஒன்று நம் வீட்டிற்கு வரும்போது, காட்டில் ஒரு செடி பிழைக்கின்றது.

வாங்கும்போது செடியை நன்கு நோக்குதல் வேண்டும். பண்ணைச் செடிகள் ஒரே அளவினவாய், மாசற்ற இலைகளோடு, தொட்டியில் வேரூன்றி இருக்கும். வேரில் மரப்பட்டை ஒட்டியிருந்தாலோ, வேர்கள் அறுபட்டுக் காய்ந்திருந்தாலோ, இலைகளில் பழைய வடுக்கள் நிறைந்திருந்தாலோ, அது காட்டிலிருந்து பறித்த செடியாய் இருக்கக்கூடும். அதனை வாங்கலாகாது. மலரின் அழகை மட்டும் நோக்காமல், வேரின் உறுதியையும் இலையின் நிமிர்வையும் நோக்கி வாங்குவதே அறிவுடைமை.

தேர்ந்தெடுத்த செடியைப் பேணும் முறை அரியது அன்று. பெலனாப்சிஸ் செடியைத் தோட்டத்து மண்ணில் நடுதல் கூடாது. மண் அதன் வேரை மூச்சுத் திணறச் செய்யும். பக்கங்களில் துளையிட்ட மண்தொட்டியில் மரக்கரி, ஓட்டுத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றை இட்டு நடலாம். மட்டையைச் சில நாள் நீரில் ஊறவைத்து, அந்நீரை மாற்றி மாற்றி வடித்தபின் பயன்படுத்த வேண்டும். லூடிசியாவுக்கு மட்டும் இலைமக்கும் மட்டைத்தூளும் கலந்த மென்மையான கலவை ஏற்றது.

வீட்டு ஆர்க்கிட்டுகள் நீரின்றி மடிவதைவிட, நீர் மிகுந்து மடிவதே பெரும்பான்மை. பெலனாப்சிசின் வேர் பசுமையாய் இருக்கும்வரை நீர் வேண்டா. அது வெள்ளி நிறம் அடைந்ததும் காலை வேளையில் நன்றாக நனைத்து, நீர் முழுதும் வடியவிட வேண்டும். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தங்கினால் குருத்து அழுகும். தங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். உவர்ப்பான கிணற்று நீரினும் மழைநீர் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடங்களில் பிடித்து மூடி வைத்தால் பல நாளைக்கு உதவும். அக்கினி நட்சத்திர நாட்களில், கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் ஊற்றி, தொட்டியின் அடி நீரில் படாதவாறு அதன்மேல் வைத்தால், செடியைச் சுற்றிலும் ஈரக்காற்று நிலவும். உரத்தை மிக நீர்க்கக் கரைத்துச் சிறிதளவே இடுதல் வேண்டும்.

செடி தன் நிலையைத் தானே உரைக்கும். இலை கரும்பச்சையாகி நீண்டு தளர்ந்தால் ஒளி குறைவு. மஞ்சள் பாய்ந்தாலோ வெந்த வடுக்கள் தோன்றினாலோ ஒளி மிகுதி. இளம்பச்சை நிறத்தோடு இலை நிமிர்ந்து நின்றால் ஒளி அளவாய் உள்ளது. சாளரமே இல்லாத அறையாயின், வெண்ணிற எல்.இ.டி. குழல் விளக்கை இலைக்கு ஓர் அடி உயரத்தில் அமைத்து, நாள்தோறும் ஏறக்குறைய 12 மணி நேரம் எரியவிடலாம். இரவில் அதனை அணைத்தல் வேண்டும். செடிக்கும் இருளும் ஓய்வும் இன்றியமையாதவை.

ஆர்க்கிட்டுகளை நேரில் கண்டு அறிய விரும்பும் மாணவர்கள், சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏர்க்காட்டிற்குச் செல்லலாம். இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் அங்கே உள்ளது. காட்டில் அருகிவரும் இனங்களை அங்கே பேணி வளர்க்கின்றனர். அங்குச் செல்வோர் ஒவ்வொரு செடியும் எத்தகைய நிழலில், எத்தகைய ஈரத்தில், எதனைப் பற்றி வளர்கின்றது என்பதைக் குறித்துக்கொண்டு திரும்பினால், அது நூறு நூல்களைப் படித்ததற்கு ஒப்பாகும்.

நாம் முதலில் எண்ணிய ஏனாத்தூர் வீட்டிற்கு மீண்டும் வருவோம். கூடத்தின் நடுவில் இருந்த மேசை அங்கேயே இருக்கட்டும். கிழக்குச் சாளரத்தின் படியில் பண்ணையில் பிறந்த பெலனாப்சிஸ் ஒன்றும், அதற்குச் சற்று உள்ளே லூடிசியா ஒன்றும் அமர்ந்திருக்கின்றன. வீடு மாறவில்லை; கூரையும் உயரவில்லை; சாளரமும் அகலவில்லை. தேர்வு ஒன்றே மாறியது. மார்கழிக் குளிரில் இலையடியிலிருந்து பச்சை நிறக் காம்பு ஒன்று தலைநீட்டும்போது, அவ்வீட்டுச் சிறுவர் அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. தொலைவில், அகத்தியமலையின் பாறை இடுக்கில், மஞ்சள் நிற மிதியடி மலர் ஒன்று பறிப்பார் இன்றித் தன் இடத்திலேயே மலர்ந்திருக்கட்டும். தகுதி அறிந்து தேர்வோர் தம் வீட்டையும் அழகுசெய்கின்றனர், காட்டையும் காக்கின்றனர்.